என்ன உடுத்திக்கொண்டு போவது?

"மம்மி, நான் என்ன உடுத்திக்கிட்டுப் போறது?"

கேட்டவள் இந்திராணி. அவளுடைய குரு ஸ்வப்னா வாயில் ஹேர்பின்களைக் கடித்துக்கொண்டு, வேறொருத்தியின் கொண்டையில் மல்லிகைச் சரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சித்திரை மாதம். கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வந்த திருநங்கைகளால் விழுப்புரத்து லாட்ஜுகளில் கால் வைக்க இடமில்லை. மறுநாள் அழகிப் போட்டி.

ஸ்வப்னா வயதில் சின்னவள். இந்திராணிக்கு நாற்பது தாண்டிவிட்டது. அதனாலென்ன? முதலில் வந்தவள் குரு, பின்னால் வந்தவள் சேலா, சிஷ்யை. மம்மி என்றுதான் கூப்பிடவேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஸ்வப்னாவைக் கேட்காமல் அந்த லாட்ஜில் ஒருத்தியும் பொட்டுக்கூட வைக்கமாட்டாள். அப்படி ஒரு கண். அதைவிடப் பெரிய வாய். ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்து கேட்டாள்.

"மம்மி, இந்த வருஷம் எல்லாரும் நெட் புடவைதான். நானும் எடுத்துட்டேன்."

"ஜன்னல்ல கட்டு. கொசு வராது."

"மம்மி, என் மேக்கப் எப்படி?"

"முகம் உன்னுது. கழுத்து எவளோடது?"

"மம்மி, செலவில்லாம அழகா இருக்க ஒரு வழி சொல்லுங்க."

"தூங்கு. காசு கேக்காது."

காலையிலிருந்து அறை முழுக்கச் சிரிப்பு. இந்திராணியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அந்த போன் வரும்வரை.

போனில் அண்ணன் தனபால். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினான்.

"அம்மா போயிட்டாங்க. பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, அவ்வளவுதான். தாய்க்குக் கடைக்குட்டிதான் கொள்ளி வைக்கணும். நீ உயிரோட இருக்கும்போது நான் வச்சா ஊர் என் மூஞ்சியில காறித் துப்பும். வேட்டி சட்டையில வா. புடவையிலதான் வருவேன்னா வராத."

இந்திராணிக்கு அழுகை வரவில்லை. அம்மாவைப் பார்க்கவேண்டும். அது ஒன்றுதான் தெரிந்தது. எப்படிப் போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை.

அதனால்தான் கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

"மம்மி, சொல்லுங்களேன். என்ன உடுத்திக்கிட்டுப் போறது?"

ஊரில் இருக்கிறவர்கள் உடுப்புக்கெல்லாம் அபிப்பிராயம் சொல்கிற வாய், இதற்கு மட்டும் மூடிக்கொண்டது. ஸ்வப்னா கடைசி ஹேர்பின்னைச் செருகினாள்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"இட்லி இருக்கு. சாப்பிடு. நானும் வரேன்."

"நாளைக்குப் போட்டி மம்மி. இத்தனை பேருக்கும் நீங்கதான்…"

"ஏன், இவளுகளுக்குக் கை இல்லையா?"

ஸ்வப்னா மேக்கப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெட்டி இல்லாமல் அவள் ரேஷன் கடைக்குக்கூடப் போகமாட்டாள்.

ஊருக்குப் போகிற வழியில், பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இந்திராணி ஒரு வேட்டியும் சட்டையும் துண்டும் வாங்கினாள். கட்டணக் கழிப்பறையில் ஆண்கள் பக்கம் திரும்பினாள்.

வாசலில் உட்கார்ந்திருந்தவன் அவள் புடவையைப் பார்த்தான். "யேய், அது ஆம்பளைங்க பக்கம்."

"தெரியும்ணே. வெளிய வரும்போது சரியா இருக்கும்."

வெளியே வந்தாள். முடியைச் சுருட்டித் துண்டுக்குள் கட்டியிருந்தாள். ஆறு வருஷமாக வளர்த்த முடி. அவள் உடம்பில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

"எப்படி இருக்கு மம்மி?"

ஸ்வப்னா ஏற இறங்கப் பார்த்தாள்.

"பித்தானை மாத்திப் போட்டிருக்க."

இந்திராணி குனிந்து பார்த்தாள். ஆமாம். அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"தப்பா சரியா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஷேர் ஆட்டோ கிளம்புது. ஏறு."

என்ன குரு இவள்! இந்திராணிக்கு ஆத்திரமாக வந்தது. நெட் புடவைக்கு ஒரு நியாயம் சொல்லத் தெரிகிறது, இதற்குத் தெரியவில்லையா?

வீட்டு வாசலில் பந்தல். மேளக்காரர்கள் ஓய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தனபால் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"வந்துட்டியா தம்பி. வந்துட்டியா."

அவன் அழுதது நிஜமான அழுகை. இந்திராணிக்கு அந்தத் தோள் வேண்டியிருந்தது. அப்படியே சாய்ந்துகொண்டாள்.

அப்புறம் தனபால் அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

"இது யாரு?"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஸ்வப்னாவைப் பார்த்தார்கள்.

"கூட வேலை செய்றவங்க" என்றாள் இந்திராணி.

ஸ்வப்னா பந்தல் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த மூன்று பேர் எழுந்து வேறு இடம் போனார்கள்.

உள்ளே ஐஸ் பெட்டி. கண்ணாடியெல்லாம் பனி மூட்டம். இந்திராணி கையால் துடைத்தாள். தாடையைச் சுற்றிக் கட்டிய துணி தெரிந்தது. முகம் தெரியவில்லை. துடைக்கத் துடைக்க மூடியது.

மூன்று மணிக்கு மேல் உடம்பை வெளியே எடுத்தார்கள். குளிப்பாட்டுகிற நேரம்.

பெண்கள் நாலு பக்கமும் புடவையைப் பிடித்துத் திரை கட்டினார்கள். ஆண்களெல்லாம் தள்ளிப் போனார்கள். பெண்ணுடம்பைக் கழுவி உடுத்துகிற இடத்தில் ஆணுக்கு வேலையில்லை, பெற்ற மகனாகவே இருந்தாலும் சரி. இந்திராணியையும் தனபால் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். அவள் வேட்டியோடு ஆண்கள் நடுவில் நின்றாள்.

திரைக்குள்ளிருந்து பேச்சு கேட்டது.

"மலரு, இன்னும் கொஞ்சம் பவுடர் போடு. கன்னத்துல நீலம் தெரியுது பாரு."

"போதும்டி, செவுத்துக்கு வெள்ளையடிக்கிறியா?"

"போட்டோ எடுக்கணும்ல? உதட்டுல லேசா சாயம் வையேன். இப்பல்லாம் வைக்கிறாங்க."

"பொறந்த வீட்டுக் கோடிப் புடவை சகிக்கல. உள்ள அந்தப் பட்டுப் புடவையைக் கட்டு. நாலு பேர் பார்க்கிறது."

"பட்டா? எரிக்கிறதுக்கா?"

செத்தும் ஆளாளுக்கு அபிப்பிராயம்.

அம்மா கறுப்பு. நல்ல கறுப்பு. பவுடர் டப்பாவை ஒருநாளும் தொட்டதில்லை. போட்டால் வேர்க்கும், வேர்த்தால் அசிங்கம் என்பாள். அந்த முகத்தில் வெள்ளையை அப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்ததும் இந்திராணி விறுவிறுவென்று பந்தலுக்கு வந்தாள்.

"மம்மி, உள்ள போங்க. அம்மா முகத்தைக் கெடுக்கிறாங்க. உங்க கை பட்டாப் போதும்."

"நானா?"

"ஆமா மம்மி. உங்களுக்குத்தான் தெரியும்."

"நான் உன் கூட வேலை செய்றவ."

இந்திராணிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"படுத்திருக்கிறது யாரோட அம்மா?" என்று ஸ்வப்னா கேட்டாள்.

"என்னோட அம்மா."

ஸ்வப்னா மடியிலிருந்த பெட்டியை எடுத்து இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இந்திராணி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து எடுத்தாள்.

தனபால் வழியில் மறித்தான்.

"எங்க போற?"

"உள்ள."

"ஆம்பளைங்க உள்ள போகக்கூடாது."

"தெரியும்ணே."

தனபாலுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகம் செத்துப்போனது. யாருக்கும் கேட்காமல் கெஞ்சினான்.

"டேய், வேணாம்டா. இன்னும் ஒரு மணி நேரத்துல எரியப் போற முகம். அதுக்கு எதுக்குடா அலங்காரம்?"

அவள் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போனா கொள்ளி உனக்கில்ல. அப்புறம் இந்த வாசல் உனக்கில்ல. என்னால ஊரோட மல்லுக்கட்ட முடியாது. யோசிச்சுக்க."

இந்திராணி யோசித்தாள். யோசிக்காமல் இல்லை. கொள்ளி வைத்தால் அவள் இந்த வீட்டுப் பிள்ளை. காரியத்துக்கு வரலாம், திதிக்கு வரலாம், அண்ணன் தோளில் இன்னொரு முறை சாயலாம். அதெல்லாம் அவளுக்கு வேண்டும். ஆறு வருஷமாக அதற்குத்தான் ஏங்கினாள்.

திரைக்குள் யாரோ, "லிப்ஸ்டிக் இருக்கா?" என்று கேட்டார்கள்.

அவள் தலைத் துண்டை அவிழ்த்து அண்ணன் கையில் கொடுத்தாள். முடி முதுகில் விழுந்தது. பந்தலில் சத்தம் அடங்கியது.

திரையின் ஒரு முனையைப் பிடித்திருந்தவள் அஞ்சலை அத்தை, அப்பாவின் தங்கை.

"அத்தே, வழி விடு."

அத்தை விடவில்லை. இந்திராணி தரையில் உட்கார்ந்து, புடவைக்கு அடியில் தவழ்ந்து உள்ளே போனாள்.

உள்ளே ஐயோ ஐயோ என்று ஒரே கூச்சல். ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணி மலர் பவுடர் டப்பாவை வீசிவிட்டு வெளியேறினாள். இந்திராணி எதையும் காதில் வாங்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள்.

எவ்வளவு சின்னதாகிவிட்டது! கன்னத்திலிருந்து தாடை வரைக்கும் விழுந்த அடி நீலமாகப் பரவியிருந்தது. அதன்மேல் பவுடர் திட்டுத்திட்டாகச் சாம்பல் பூத்திருந்தது.

ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தாள். தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்கித் தடவினாள். நீலத்தின் மேல் ஆரஞ்சுச் சாயத்தை விரலால் ஒற்றினாள். மேலே கறுப்புக்கேற்ற பழுப்பு. தாடி நிழலை மறைக்கத் தன் தாடையில் தினமும் காலையில் செய்கிற வேலைதான். நீலம் போனது. உதட்டைத் தொடவில்லை. நெற்றியில் திருநீறு மட்டும் வைத்தாள்.

அம்மா வந்துவிட்டாள். இப்போதுதான் தூங்கப் போனவள் மாதிரி அவளுடைய சொந்த முகம்.

கூச்சல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. மேலேயிருந்து அஞ்சலை அத்தையின் குரல் கேட்டது.

"எந்தப் புடவை?"

"தினம் கட்டுறது. அரக்குச் சுங்குடி. பீரோவுல இருக்காது, கொடியில கிடக்கும்."

"அந்தப் பழசா?"

"அதுதான் எங்கம்மாவுக்கு எடுப்பா இருக்கும். கோடியை மேல போத்திக்கலாம்."

கொண்டுவந்தார்கள். துவைக்காத புடவை. அதில் அம்மா வாசனை அப்படியே இருந்தது. அப்போதுதான் இந்திராணி வாய்விட்டு அழுதாள்.

பாடையைத் தூக்கினார்கள். தனபால் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

தெருமுனை வரைக்கும்தான் பெண்கள் போகலாம். பெண்கள் நின்ற இடத்தில் இந்திராணியும் நின்றாள். இடுப்பில் வேட்டி, முதுகில் விரித்த முடி. மேளச் சத்தம் முந்திரித் தோப்புக்குள் போய் மறைந்தது. பெண்கள் தலைமுழுகத் திரும்பினார்கள். அவளை யாரும் வா என்று சொல்லவில்லை. அஞ்சலை அத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவளும் போய்விட்டாள்.

ஸ்வப்னா மட்டும் பக்கத்தில் நின்றாள்.

"மம்மி."

"ம்."

"நான் செஞ்சது சரியா?"

"தெரியாது."

"உங்களுக்கா தெரியாது? காலையில கேட்டேன், சொல்லல. பஸ் ஸ்டாண்டுல கேட்டேன், சொல்லல. இப்ப எல்லாம் போச்சு, இப்பவாவது சொல்லக்கூடாதா? எங்கண்ணன் போயிட்டான் மம்மி. இனிமே எனக்கு இந்த ஊர் இல்ல."

தோப்புக்கு அந்தப் பக்கம் புகை எழுந்தது. ஸ்வப்னா அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கம்மா செத்தப்ப எங்க மாமா போன் பண்ணாரு. வேட்டியில வான்னாரு. போனேன். மொட்டை போட்டுக்கிட்டேன். கொள்ளி வச்சேன். ஊரே மெச்சிச்சு."

"அப்புறம்?"

"திரைக்கு வெளியவே நின்னேன்" என்றாள் ஸ்வப்னா. "என்ன புடவை கட்டி அனுப்புனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."