எது நல்ல வீடியோ?

பரிமளத்தின் போனில் இயற்பியல் பாடங்கள் நிரம்பி வழிந்தன. இயக்க விதிகளுக்கு மட்டும் ஐந்து பேர் நடத்திய வீடியோக்கள். எல்லாவற்றையும் வேகத்தைக் கூட்டிவைத்து, சமையலோடு சமையலாகப் பார்த்து முடித்திருந்தாள். பரீட்சையில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டாள்.

அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. பிளஸ் ஒன்னில் பாக்கி நிற்கும் இந்த ஒரு பாடம் தேறி, பிளஸ் டூ முடித்த சான்றிதழ் கைக்கு வந்தால் அங்கேயே டீச்சராகலாம். அடுத்த வாரம் மூன்றாவது முறை எழுதுகிறாள். இதுவும் போனால் இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அதை நினைத்தாலே அழுகை வந்தது.

தனித்தேர்வர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பெடுக்கும் ஜெசிந்தா டீச்சர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். வகுப்பு முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர், இத்தனையில எது நல்ல வீடியோன்னு சொல்லுங்க. அதை மட்டும் பாக்குறேன். பாக்கும்போது எல்லாம் புரியுது. போனை மூடினா ஒண்ணும் நிக்கமாட்டேங்குது.”

ஜெசிந்தா பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்தாள். மேலே போட்டுப் பிடித்தாள்.

“பஸ் இந்த ஓட்டம் ஓடுது. பழம் ஏன் பின்னால விழலைக்கா?”

பரிமளத்தின் கை போனுக்குப் போனது. ஜெசிந்தா அந்தக் கையிலேயே பழத்தை வைத்தாள்.

பரிமளம் போட்டுப் பிடித்தாள். மறுபடியும் போட்டாள். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவள் சட்டை செய்யவில்லை.

பழம் மேலே போன நேரம் பார்த்து ஆடு ஒன்று ரோட்டில் குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பழம் முன்னால் பறந்து கண்டக்டரின் முதுகில் பட்டது.

“யம்மா, பஸ்ஸுல என்ன விளையாட்டு?” என்று அவர் பழத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பரிமளம் அவரைக் கவனிக்கவே இல்லை.

“டீச்சர், பஸ்தான் நின்னுச்சு. பழத்தை யாரும் நிறுத்தலையே. அப்போ இவ்வளவு நேரம் பழமும் பஸ்ஸோட சேந்துதான் ஓடியிருக்கு.”

“இதை எந்த வீடியோலயும் பாக்கலையாக்கா?”

பரிமளம் யோசித்தாள். அவள் முகம் வாடியது.

“அஞ்சுலயும் இருந்துச்சு டீச்சர். பந்தைத் தூக்கிப் போட்டாங்க. அது கீழ வர்றதுக்குள்ள பதிலையும் சொல்லிட்டாங்க.”

ஜெசிந்தா பழத்தைத் துடைத்து, பிட்டு, பெரிய பாதியை அவளிடம் நீட்டினாள்.

“அப்போ அஞ்சுமே நல்ல வீடியோதான்க்கா. பந்து மேல இருக்கும்போது நிறுத்திருங்க.”