அன்னம் இல்லாத மன்னர்

எந்த நாடு, எந்த ராஜா என்று என்னைக் கேட்காதீர்கள். முன்னொரு காலம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த நாட்டில் ஆண்டுதோறும் மல்யுத்தத் திருவிழா நடக்கும். நீர்விட்டுக் குழைத்த செம்மண் களத்தில் கடைசிவரை விழாமல் நிற்பவனுக்கு மன்னர் தம் கையாலேயே வாகை மாலை சூட்டுவார். மாலை கழுத்தில் ஏறும்வரை உடம்பு மண்ணைக் கழுவக் கூடாது. அது களத்துக்குச் செய்யும் மரியாதை.

அந்த ஆண்டு மன்னருக்கு ஓர் ஆசை பிறந்தது. மேடை முதல் மாலைப்பெட்டிவரை விழாவே தகதகக்க வேண்டுமாம். பொறுப்பைப் பீதாம்பர மாளிகையிடம் ஒப்படைத்தார். அரசிகளும் தளபதிகளும் காத்துக் கிடந்து ஆடை வாங்கும் மாளிகை அது. அதன் துணி ஓரத்தில் பொன்னூலில் சின்னதாக ஓர் அன்னம் இருக்கும். அந்த அன்னம் நாலு பேர் கண்ணில் படட்டும் என்று ஆடையை ஏறுக்குமாறாகக் கட்டிக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு.

மாளிகைத் தலைவர் கனகசபாபதி நகரெங்கும் முரசறையச் செய்தார்: "வெற்றி மேடையில் கால் வைப்பவர் யாராக இருந்தாலும் அன்ன முத்திரை ஆடை அணிந்திருக்க வேண்டும்." 'யாராக இருந்தாலும்' என்பதை அவர் அழுத்திச் சேர்த்ததற்குக் காரணம், அரசவை விகடகவி மருதநம்பி. அவனுடைய ஒட்டுப்போட்ட சட்டையையும் ஓயாத வாயையும் மேடைப் பக்கமே வரவிடக் கூடாது என்பது அவர் கணக்கு.

முரசைக் கேட்ட மருதநம்பிக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இந்த வினை அவன் வாயிலிருந்து புறப்பட்டது.

போன ஆண்டு வென்றவன் இருளப்பன். சுண்ணாம்புக் காளவாயில் கல் சுடும் தொழிலாளி. கிழிந்த சாக்குத் துணியைக் கோவணமாகக் கட்டியபடி மேடையேறினான். மருதநம்பிக்கு நாக்கு அரித்தது.

"மன்னா! வந்த மல்லரையெல்லாம் வீழ்த்திவிட்டான். கோவணம் மட்டும் இன்னும் இவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இருளப்பன் மாலையைக் கையில் வாங்கி, கழுத்தில் போடாமல், இடுப்புக்கு முன்னால் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனான். மன்னரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, வந்திருந்த வேற்றுநாட்டு விருந்தினர் நினைவுக்கு வந்து அவருக்கு மானம் போயிற்று. இந்த ஆண்டின் தகதகப்பு ஆசை அங்கேதான் முளைத்தது.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, பெயர் கொடுக்கும் இடத்தில் இருளப்பனே மருதநம்பியை வழிமறித்தான். பனையோலைப் பொட்டலத்தைப் பிரித்துப் புது வெள்ளை வேட்டி ஒன்றைக் காட்டினான்.

"செயிச்சா கட்டிக்கலாம்னு வாங்கியாந்தேன் சாமி. இந்த வருசம் யாரும் சிரிக்க மாட்டாங்கல்ல?"

குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். வேட்டியின் ஓரத்தில் அன்னம் இல்லை என்று சொல்ல மருதநம்பிக்குத் துணிவில்லை. நேரே மன்னரிடம் ஓடினான்.

"அரசே, வென்றவன் மண்ணைக் கழுவக் கூடாது. மண்ணுடம்பில் பட்டைப் போர்த்த மாளிகை சம்மதிக்காது. பிறகு அவன் எப்படி மேடை ஏறுவான்?"

மன்னர் பக்கத்தில் நின்ற கனகசபாபதி முந்திக்கொண்டார். "அதற்கும் வழி செய்தாயிற்று, பிரபு. என் தங்கை மகன் பட்டாடையில் நின்று, வென்றவன் சார்பில் மாலை ஏற்பான். பார்க்கவும் லட்சணமாக இருப்பான்."

"வென்றவன்?"

"திரைக்குப் பின்னால் நிற்கட்டுமே!"

மன்னர் நெளிந்தார். "முரசறைந்த ஆணையை விழா முடியும்வரை மாற்ற இயலாது, மருதநம்பி. ஆணையில் ஒரு சொல்லையும் மீறாமல் அவன் கழுத்தில் நான் மாலையிட வழி உண்டானால் செய்து காட்டு. தவறினால் ஓராண்டு நீ இந்த அவையில் வாய் திறக்கக் கூடாது."

"அந்தத் தண்டனை போன ஆண்டே கிடைத்திருக்கலாம், அரசே" என்றான் மருதநம்பி. கனகசபாபதி மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

விழா நாள் காலையில் மருதநம்பி செய்தது ஒன்றே ஒன்று. மேடைப் படியில் நின்ற காவலனிடம் போய் ஆணையை மூன்று முறை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டான்.

"யாரா இருந்தாலும் விடக் கூடாது, அதானே சாமி?"

"அதேதான். நீ ஆணைப்படி நின்றால் உன் தலைக்கு என் தலை பொறுப்பு."

பதினோரு மல்லர்கள் மண்ணைக் கவ்வினார்கள். பன்னிரண்டாவதாக நின்றவன் இருளப்பன். தலைமுதல் கால்வரை சிவப்பாக, வேட்டிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மேடைமேல் தங்கை மகன் கழுத்தை நீட்டித் தயாராக இருந்தான். மன்னர் எழுந்து வந்து முதல் படியில் கால் வைக்கப் போனார்.

வேல் குறுக்கே விழுந்தது.

"மன்னிக்கணும் மகாராஜா" என்றான் காவலன். "அன்னம் இல்லீங்க."

மன்னர் குனிந்து தம் இடுப்பைப் பார்த்தார். தாமும் மல்லராக இருந்து இந்தக் களத்தை அமைத்த மூதாதை கட்டியது போலவே மல்யுத்த நாளன்று அரசர் பருத்தி வேட்டி ஒன்றுதான் கட்டுவார். அன்று முழுவதும் வேறு துணி அவர் மேனியில் படாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது. விழாப் பக்கமே முதல்முறையாக வந்த பட்டு மாளிகை இதைக் கேட்டு வைக்கவில்லை.

கனகசபாபதி பட்டுச் சால்வையோடு ஓடிவந்தார். மன்னர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஆணை ஆணைதான்" என்று மருதநம்பி கைகட்டி நின்றான். "அரசர் மேலே போக முடியாது. ஆனால் மாலை கீழே வரலாம். மேடை ஏறும் தகுதி அன்னம் அணிந்தவருக்கு மட்டுமே இருப்பதால், தலைவரே எடுத்து வர வேண்டும்."

கனகசபாபதி பெட்டியைச் சுமந்து இறங்கினார். களத்தில் கால் வைத்ததும் சேறு கணுக்கால்வரை ஏறியது. பொன் அன்னம் செம்மண்ணில் முங்கிக் குளித்தது. மன்னர் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்துக்குள் நடந்தார்.

மாலையைக் கண்டதும் இருளப்பனின் இரண்டு கையும் தாமாகவே இடுப்புக்கு முன்னால் போயின. அதைப் பார்த்த மருதநம்பிக்குப் பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

"கையை எடுப்பா" என்றார் மன்னர் தணிந்த குரலில். மாலை கழுத்தில் ஏறியது. ஊரே ஆரவாரித்தது.

சேற்றில் நின்ற கனகசபாபதியையும் மேடையில் இன்னும் கழுத்தை நீட்டி நின்ற பையனையும் பார்த்து மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்து வடத்தைக் கழற்றி மருதநம்பிக்கு அணிவித்தார். அவன் அதோடு இருளப்பன் முன் போய் நின்றான்.

"போன ஆண்டு நான் சொன்னது தப்பு. மன்னித்துவிடு."

இருளப்பன் கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "நீங்க சொன்னது ஒரே நாள்ல எங்க ஊருக்கு வந்துட்டுது சாமி. கோவணக்காரன் பொஞ்சாதின்னு கூப்பிடுறாங்கன்னு எம் பொஞ்சாதி சந்தைக்கே போறதில்ல. இங்க சொன்னா அவளுக்குக் கேக்குமா?"

மருதநம்பி திரும்பினான். "அரசே, இந்த வடம் வேண்டாம். பத்து நாள் விடுப்புத் தாருங்கள். காளவாய் ஊர்ச் சந்தைவரை போக வேண்டும்."

மன்னர் இதையும் விகடம் என்றே நினைத்து மறுபடி சிரித்து விடைகொடுத்தார். மருதநம்பி சிரிக்கவில்லை. சந்தை கூடும் நாளைக் கேட்டுக்கொண்டு, இருளப்பனுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினான்.