குளித்த தண்ணீர்

அர்த்தநாரிக்கு அறுபது வயது முடிந்திருந்தது. முப்பது வருடம் ஒரு நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, கட்டடம் வடிவமைக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கட்டடக் கலைஞர் பூங்கோதையிடம் போய் நின்றார். பூங்கோதைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள். இரண்டு வருடமாக இந்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

உடுமலைப் பக்கம் ஒரு பழைய மாட்டுக் கொட்டகையை ஸ்பாவாக மாற்றும் வேலை வந்தது.

"இதை நீங்களே வரைங்க சார்," என்றாள்.

அவர் பெயரில் போகப்போகும் முதல் வேலை. வரைபடம் பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஸ்பாவின் முதலாளி முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

அர்த்தநாரி ஒரு மாதம் வரைந்தார். வெந்நீர்த் தொட்டி, குளிர்நீர்த் தொட்டி, நீராவி அறை, மழையாக விழும் ஷவர், முதுகில் அடிக்கும் ஷவர், பாதத்தை மட்டும் நனைக்கும் ஓடை என்று பதினோரு விதமாகத் தண்ணீர் வந்தது. ஆனாலும் மனதுக்குள் ஏதோ இடித்தது. வெந்நீர்த் தொட்டியில் ஆரம்பித்தால் ஒரு கட்டடம் வந்தது, நீராவி அறையில் ஆரம்பித்தால் வேறொன்று வந்தது. எது சரி என்று தெரியவில்லை.

முதலாளி சனிக்கிழமை நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. அன்று காலையிலேயே வரைபடச் சுருளுடன் அவரும் பூங்கோதையும் கொட்டகைக்குப் போனார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணுங்க. குளிக்கிற கட்டடத்தை எங்கிருந்துங்க ஆரம்பிக்கிறது?"

பூங்கோதை ஓட்டுக்கூரையைப் பார்த்தாள். "இன்னிக்குச் சனிக்கிழமைதானே சார்? எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கலையா?"

"எங்கீங்க. படத்தையே பாத்துட்டு உக்காந்துட்டேன்."

அவள் பையிலிருந்து ஒரு நல்லெண்ணெய் பாட்டிலும் சீயக்காய்ப் பொட்டலமும் எடுத்தாள். கொண்டுவந்தே இருக்கிறாள்.

"வெந்நீர்த் தொட்டி எங்க வருது?"

அவர் கொட்டகையின் நடுவைக் காட்டினார்.

"அங்கயே நின்னு குளிங்க. மாட்டுத் தொட்டியில தண்ணி ரொப்பி வெச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். பூங்கோதை காரணமில்லாமல் எதையும் செய்யமாட்டாள், காரணத்தைச் சொல்லவும் மாட்டாள். அர்த்தநாரி எண்ணெய் தேய்த்து ஊறினார். பிறகு சீயக்காய் போட்டு, வாளி வாளியாக மொண்டு ஊற்றிக்கொண்டார். மாட்டு மூத்திரம் தேங்காமல் இருக்க, தரையின் கல் பலகைகளை அந்தக் காலத்திலேயே சரிவாகப் பதித்திருந்தார்கள். நுரை கலைந்து ஓடி, சுவரோர வடிகாலில் விழுந்து, சுவரடியில் இருந்த ஓட்டை வழியாக மறைந்தது. நல்ல வாட்டம், ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை என்று மெச்சிக்கொண்டார்.

தலையைத் துவட்டியபடி சுவரைச் சுற்றிக்கொண்டு போனார். பூங்கோதை அந்த ஓட்டையின் வாயில் ஒரு சொம்பைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். கீழே இருந்த தீவனப்புல் வயலுக்குச் சொந்தக்காரி, பேர் பாவாயி. வயலோரம் அவளுடைய எருமை கட்டியிருந்தது.

"மாடு இருந்தப்ப சாணித் தண்ணியும் மூத்திரமும் இங்கதானுங்க வரும்," என்றாள் பாவாயி. "புல்லு ஆள் உசரத்துக்கு நிக்கும்."

இப்போது புல்லின் மேல் எண்ணெயும் பழுப்பு நுரையும் படிந்திருந்தன. எருமை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தினம் எத்தனை பேருங்க குளிப்பாங்க?" என்று கேட்டாள் பாவாயி.

"நாப்பது பேர் அம்மிணி," என்றார் பெருமையாக. சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"எல்லாரும் எண்ணெய் தேய்ச்சுங்களா?"

அவர் குனிந்து ஒரு புல்லைத் தொட்டார், விரலில் எண்ணெய் ஒட்டியது.

"எங்க கிணறு அந்தா இருக்குதுங்க. குடிக்கறதுக்கும் அதுதானுங்க," என்றாள் பாவாயி. அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், உங்க படத்துல இந்த ஓட்டை எங்க இருக்கு?" என்று கேட்டாள் பூங்கோதை.

அவர் சுருளைப் பிரித்தார். பதினோரு தண்ணீரும் நீலக் கோடுகளாக உள்ளே வந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரே ஒரு அம்புக்குறி. அதன் பக்கத்தில் 'வெளியே' என்று எழுதியிருந்தார்.

"கழிவுநீர் எங்க பிரிவு இல்லீங்க," என்றார். "நகராட்சியில அது பக்கத்து ரூமுங்க."

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"குழாய் போட்டு வேற பக்கம் திருப்பிடலாங்க டீச்சர்."

பூங்கோதை அழுக்குத் தண்ணீர் நிறைந்த சொம்பை அவரிடம் நீட்டினாள். "அப்ப இதை அந்தப் பக்கம் ஊத்திட்டு வந்துடுங்க."

அவர் நடந்தார். கிழக்கே அன்றுதான் தக்காளி நாற்று நட்டிருந்தார்கள். நட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவும், சும்மா வந்தது போல நின்றுவிட்டுத் திரும்பினார். வடக்கே சாலை, குடத்தோடு பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மேற்கே வாய்க்காலில் ஆடுகள் தண்ணீர் குடித்தன. சொம்பைச் சாய்க்கப் போனவர் நிமிர்த்திக்கொண்டார்.

கொட்டகைக்கு முன்னால், கார் நிறுத்த ஒதுக்கியிருந்த இடத்துக்கு வந்தார். இது முதலாளியின் மண், யாரும் கேட்கப்போவதில்லை. காலால் கீறிப் பார்த்தார். நாலு விரல் ஆழத்திலேயே பாறை தட்டியது. இங்கே ஊற்றினாலும் வழிந்து பாவாயி வயலுக்குத்தான் போகும்.

மதியச் சோற்றைக்கூட மறந்துவிட்டார். சொம்புடன் குந்தி, ஒரு குச்சியால் இங்கும் அங்கும் குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பாவாயியைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, பாறை எதுவரைக்கும் போகுது? இந்த மூலையில மண்ணு ஆழமா?"

"அங்க ஆழமுங்க. முன்னால எருக்குழி இருந்த இடமாச்சே."

"வாழை வருமுங்களா?"

"எத்தனை தண்ணி விடுவீங்கன்னு பாத்துத்தானுங்க சொல்லோணும்."

கார் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. முதலாளி இறங்கி நேராக வந்தார்.

"படம் எங்கீங்க?"

சுருள் சுவரில் சாய்ந்து கிடந்தது. அர்த்தநாரி ஒரு தடவை அதைப் பார்த்தார். எடுத்து நீட்டினால் வேலை அவருக்குத்தான். ஆனாலும் சொம்பைக் கீழே வைக்கவில்லை.

"பதினோரு தண்ணி வராதுங்க," என்றார். "இந்த மூலை எவ்வளவு குடிக்கும்னு தெரியோணும். அப்புறந்தான் உள்ள எத்தனை வரும்னு சொல்ல முடியும்."

முதலாளிக்கு முகம் சிவந்தது. பூங்கோதையின் பக்கம் திரும்பினார்.

"என்னங்க இது? ஒரு மாசம் ஆச்சு. இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?"

பூங்கோதை அர்த்தநாரியின் கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள்.

"இப்பத்தானுங்க ஆரம்பிச்சிருக்காரு," என்றாள்.