உடும்புக்காக வெட்டிய வாசல்

காட்டின் நடுவே, பட்டுப்போன ஓர் இலவமரத்தில் செங்கொண்டை என்ற மரங்கொத்தி பொந்து கொத்திக்கொண்டிருந்தது. பொந்து தனக்கல்ல, மற்ற பறவைகளுக்கு. வீடு கட்டித் தருவதுதான் அதன் தொழில். கூலியாக, எறும்பு மொய்க்கும் மரம் எதுவென்று பறவைகள் வந்து சொல்லும். அவ்வளவுதான் வருமானம்.

அதன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலை வெட்டியதும், குடிவரப்போகும் பறவையை நுழைந்து பார்க்கச் சொல்லும்.

"தோள் உரசுதா?" என்று கேட்கும். உரசினால்தான் அதற்குத் திருப்தி. "நீயே நெருக்கியடிச்சு நுழையணும். அப்பத்தான் வேற எவனும் நுழைய மாட்டான்!"

அந்தச் சமயத்தில் மரகதம் என்ற கிளிக்கு முட்டையிடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, என் வீடு எப்ப முடியும்?"

"பாதி நாள் இரை தேடணும், பாதி நாள் கொத்தணும். நான் என்ன பண்ண தங்கச்சி? இருக்கிறது ஒரே அலகு!"

இதையெல்லாம் மரத்தடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓர் உடும்பு கேட்டது. கிளி போனதும் மெல்ல மேலே ஏறி வந்தது.

"தம்பி, உன் திறமைக்கு ஒரே மரத்தைக் கட்டிக்கிட்டு அழலாமா? காடு முழுக்க நீ கட்டின வீடா இருக்க வேண்டாமா? இரையை நான் பார்த்துக்கிறேன். கரையான் புற்றாத் தோண்டித் தர்றேன். நீ கொத்திக்கிட்டே இரு!"

"பதிலுக்கு நான் என்னங்க தரணும்?"

"சேச்சே! ஒண்ணும் வேண்டாம். முதல் போட்டவன் இல்லையா? வேலை எப்படி நடக்குதுன்னு அப்பப்போ தலையை விட்டுப் பார்ப்பேன். அதுக்குத் தகுந்த மாதிரி வாசலை மட்டும் கொஞ்சம் பெரிசா வெட்டு!"

செங்கொண்டைக்குத் தலைகால் புரியவில்லை. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. காலையிலிருந்து மாலைவரை மரத்தில் முட்டுகிற தலை. அதில் புத்தி எவ்வளவு நேரம்தான் தங்கும்?

மறுநாளே புற்று வந்தது. செங்கொண்டை மூக்குமுட்டத் தின்றது. ஒரு கொத்துக்கு இரண்டு ஏப்பம் விட்டது. "இனிமேல் நான் கூலிக்காரன் இல்லை, நிறுவனர்!" என்று கொண்டையைச் சிலுப்பிக்கொண்டது. ஒருநாள் தன் சொந்தப் பொந்துக்குள் நுழையப் பார்த்தது. தொப்பை இடித்தது. "பார்த்தியா, பெரியவர் சரியாத்தான் சொல்லியிருக்கார். பெரிய வாசல்தான் வேணும்!" என்று தனக்குத் தானே சபாஷ் போட்டுக்கொண்டது.

வீடு முடிந்தது. மரகதம் வந்து வாசலில் நின்று பார்த்தது.

"அண்ணே, எதுக்கு இவ்வளவு பெரிசு?"

"வளர்ச்சி தங்கச்சி, வளர்ச்சி!"

"தோள் உரசலையே?"

"அதெல்லாம் பழைய முறை!"

மரகதத்துக்குப் பயமாக இருந்தது. "அப்படின்னா நீங்களே ஒரு மத்தியானம் உள்ளே தூங்கிப் பாருங்க. நல்லா இருந்தா நான் முட்டையிட வர்றேன்."

"இவ்வளவுதானே!" என்று செங்கொண்டை உள்ளே போய்ப் படுத்தது. தின்ற கரையானுக்குத் தூக்கம் உடனே வந்தது. சிறிது நேரத்தில் ஈரமாக ஏதோ முதுகைத் தடவியது. விழித்துப் பார்த்தால் பிளவுபட்ட நாக்கு!

"ஐயா! நான்தான், செங்கொண்டை!"

"அடடா, கிளி முட்டைன்னு நினைச்சு வந்தேன். பரவாயில்லை, நீயும் நல்லாக் கொழுத்திருக்கே. எல்லாம் நான் போட்ட கரையான்தானே!" என்று உடும்பு வாயைப் பிளந்தது.

செங்கொண்டை அதன் மூக்கில் ஓங்கி ஒரு கொத்து கொத்தி, அதன் தலைக்கும் வாசலுக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாகப் பாய்ந்து வெளியேறியது. உடும்பு வாயை மூடியபோது மரங்கொத்தியின் வால் இறகுகள் மட்டும் அதில் சிக்கின.

"அண்ணே, உசிரோட வந்துட்டீங்க! வால் எங்கே?"

"முதல் போட்டவர் எடுத்துக்கிட்டார்!"

சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் பார்த்தது. உள்ளே மரகதத்தின் முட்டைகள் இருந்திருந்தால் என்று நினைத்ததும் சிரிப்பு வரவில்லை.

அன்றே வேறு கிளையில் புதுப் பொந்து தொடங்கியது. மரங்கொத்திக்கு வால்தான் ஊன்றுகோல். அதை மரத்தில் ஊன்றித்தான் கொத்தும். வாலில்லாத செங்கொண்டை ஒரு கொத்து கொத்தியது, சர்ரென்று கீழே சறுக்கியது. மறுபடி ஏறியது, மறுபடி சறுக்கியது. மைனாக்கள் கூட்டமாக வேடிக்கை பார்த்தன.

"பாருங்கடா, நிறுவனர் இறங்குறார்!"

"நான் இறங்கலைடா, கொழுப்பு இறங்குது!" என்று செங்கொண்டையும் சேர்ந்து சிரித்தது.

மரகதமும் சும்மா இருக்கவில்லை. உதிர்ந்த மரத்தூளை அலகால் அள்ளி வெளியே தள்ளியது. முட்டையிடும் நாள் காலையில்தான் வேலை முடிந்தது.

"தோள் உரசுதா?"

"உரசுது அண்ணே! நல்லாவே உரசுது!"

சில நாள் கழித்து உடும்பு வந்தது. மூக்கை நுழைத்துப் பார்த்தது. நுனிதான் போனது. உள்ளே மரகதம் முட்டைகளின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"தம்பி, கொஞ்சமே கொஞ்சம் பெரிசாக்கு. கேட்கிற புற்றெல்லாம் தர்றேன்!"

மேல்கிளையிலிருந்து சறுக்கிக்கொண்டே செங்கொண்டை பதில் சொன்னது: "வேண்டாமுங்க! என் தொழில் சின்னது. உங்க தலை அதுல நுழையாது. நுழையாத வரைக்கும்தான் அது என் தொழில்!"

சொந்த உழைப்பில் மெல்ல வளரும் சிறு தொழிலே மேல். அடுத்தவர் முதலுக்கு ஆசைப்பட்டால், நம் வாசலின் அளவை அவர்தான் தீர்மானிப்பார்.