கும்பலில் ஒருவர்

“மொதல்ல கண்மாய் மண்ணை அள்ளுனாங்க. அடுத்து மடையை அடைச்சாங்க. அதுக்கடுத்து நாம குடுத்த மனுவைக் கிடப்புல போட்டாங்க. மடைக்குப் போயி கேட்டோம், போலீசு வந்து தடியால அடிச்சாங்க. என் பொஞ்சாதி செத்தா. இப்ப, ‘கும்பலில் ஒருவர் இறந்தார்’னு அறிக்கை எழுதியிருக்காங்க. கும்பல்னா என்னக்கா?”

கேட்டவன் சாத்தையா. எங்கள் விவசாயச் சங்கத்தை வளர்த்த சவரியம்மா, கொடிக்கம்பைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“தேர் இழுக்குறப்ப முட்டி மோதுறோமே, அப்ப நம்மள என்ன சொல்வாங்க?”

“பக்தகோடிகள்.”

“ஓட்டுக் கேக்க வர்றப்ப?”

“பெருமக்கள்.”

“அதே காலு, அதே முழங்கை. மடைக்குப் போனா மட்டும் கும்பல்.”

“அதான், ஏன்?”

“உன் பொஞ்சாதிய எப்படிக் கூப்பிடுவே?”

“ஏ புள்ளைன்னு.”

“பேரு சொல்லி?”

“கூப்பிட்டதே இல்லக்கா.”

“நாளைக்கு விசாரணைக்கு வந்து சேரு,” என்றார் சவரியம்மா.

மறுநாள் தாலுகா அலுவலகத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. அதிகாரி அறிக்கையை வாசித்தார். அதில் கையெழுத்து விழுந்துவிட்டால், செத்தவள் என்றைக்கும் ‘ஒருவர்’தான்.

“...கும்பலில் ஒருவர் இறந்தார்.”

சவரியம்மா எழுந்தார்.

“ஐயா, என் பேரு சவரியம்மா. அந்த ஒருவர் நானா?”

“என்னம்மா விளையாட்டு? உட்காருங்க.”

“உட்கார்ந்துட்டேன். அப்ப நான் இல்ல.”

பின்னாலிருந்து ஒரு கிழவி எழுந்தாள். “ராக்கு. நானா சாமி?”

“மலைக்கண்ணன். எனக்கு மூச்சு வருது. இருந்தாலும் பாத்துச் சொல்லுங்க.”

ஒவ்வொருவராக எழுந்தோம். நானும் என் பெயரைச் சொன்னேன். எத்தனையோ வழக்குகளில் ‘மற்றும் பலர்’ என்று உள்ளே போய் வந்தவன் நான். ஓர் அதிகாரி என் பெயரைக் காது கொடுத்துக் கேட்டது அன்றுதான்.

சோற்று நேரம் தாண்டியது. அதிகாரி பேனாவை மூடினார். திறந்தார்.

“அப்ப யாருதான்யா செத்தது?”

சவரியம்மா சாத்தையாவைப் பார்த்தார்.

அவன் எழுந்தான். அவள் பெயரைச் சொன்னான்.

அதிகாரி இரண்டு சொற்களை அடித்துவிட்டு எழுதினார்.

“எல்லாருக்கும் கேக்க வாசிங்க,” என்றான் சாத்தையா.

“சாத்தையா மனைவி...”

“என் பேரு வேணாம்யா. அவ பேரு போதும்.”

ஊரே எழுந்து நின்றது.

அதிகாரி வாசித்தார்.

“கூரியம்மாள்.”