கேட்டது கறிவேப்பிலை

திண்டுக்கல்லிலிருந்து போகும் பேருந்து சிறுமலை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் ஒரு பெண் துறவி. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. ஊரார் அவரை மடத்தம்மா என்பார்கள்.

மடத்தம்மாவுக்கு உபதேசம் பண்ண வராது என்று ஊருக்குள் ஒரு குறை உண்டு. அது உண்மைதான். யார் எதைக் கேட்டு வந்தாலும் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துவிடுவார். பாதிப் பேர் அத்தோடு வேறு சாமியாரைத் தேடிப் போய்விடுவார்கள். அவர்களுக்கும் நல்லது, மண்வெட்டிக்கும் நல்லது.

மடத்தைச் சுற்றி ஒரு தோட்டம். கடையில் வாங்கிய தொட்டி அதில் ஒன்றுகூடக் கிடையாது. ஊர் தூக்கிப் போட்டதெல்லாம் அங்கே தொட்டியாகியிருந்தது. பெயின்ட் வாளியில் துளசி, லாரி டயரில் கனகாம்பரம், கைப்பிடி போன குக்கரில் புதினா, விரிசல் விட்ட கழிப்பறைப் பீங்கானில் செம்பருத்தி. பீங்கானைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. செம்பருத்தி அதைக் கண்டுகொள்ளாமல் பூத்தது.

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மடத்தம்மாவின் குரு மறைந்த நாளில் குருபூஜை நடக்கும். அன்றைய சமையலுக்கு அரிசியும் பருப்பும்தான் மடத்துடையவை. காய், கீரை, மற்றதெல்லாம் வருகிறவர்கள் வீட்டில் முளைத்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கி வரக்கூடாது, மடத்துச் செடியிலும் கை வைக்கக்கூடாது. நாலு வெண்டைக்காய் என்றாலும் போதும். வீட்டில் ஒன்றுமே முளைக்காதவர்கள் சமையலுக்குத் தண்ணீர் சுமப்பார்கள்.

மாசிலாமணி முதன்முதலில் வந்தபோது தண்ணீர்தான் சுமந்தார்.

அவருக்கு அறுபது வயது. பூட்டுப் பட்டறையில் காலமெல்லாம் பித்தளையில் சாவித் துளை போட்டவர். பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் மட்டும் குடத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தோட்டம் போடக் கத்துக்கொடுக்கணும்மா. வீட்டுப் பின்னாடி முழுக்க சிமென்டுத் தரை. இந்த மாதிரி ஏதாவதுலதான் வைக்கணும்."

எதற்கு என்று மடத்தம்மா கேட்கவில்லை. ஒரு பழைய எண்ணெய் டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுல முதல்ல என்ன செய்வீங்க, ஐயா?"

"மண்ணு போடுவேன்."

"ஊத்துற தண்ணி எங்க போகும்?"

மாசிலாமணி டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். துளை போட்டே சோறு தின்றவருக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. மறுநாள் பட்டறையிலிருந்து எடுத்து வைத்திருந்த கை டிரில்லோடு வந்து நின்றார்.

அன்றிலிருந்து மடத்தில் எந்தத் தொட்டிக்கும் அடியில் ஓட்டை போடுவது அவர் வேலை. கை நடுங்காது, இரும்பானாலும் பீங்கானானாலும் விளிம்பு சிதறாது. மடத்தம்மா அவருக்கு மற்றதையும் காட்டிக்கொடுத்தார். கண்ணாடி பாட்டில்களைக் கழுத்துவரை தலைகீழாகப் புதைத்துப் பாத்திக்கு வரப்பு கட்டலாம். உடைந்த டைல்ஸ் சில்லுகளைச் சிமென்டில் பதித்துத் தொட்டிக்குக் கோலம் போடலாம். கிழிந்த வேட்டியைத் திரித்துத் தண்ணீர் வாளியிலிருந்து செடிக்கு இழுத்தால், ஊருக்குப் போனாலும் செடி காயாது.

மாசிலாமணி இங்கே கற்றதையெல்லாம் வீட்டில் செய்தார். பட்டறையில் கழித்துப் போட்ட பூட்டுத் தகடுகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டார், காற்றடித்தால் மெல்ல ஒலிக்கும். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். அவர் மனைவி மீனாம்பாள் மட்டும் பின்கதவைத் தாண்டி அந்தப் பக்கம் வரவே இல்லை.

ஒருநாள் டயர் அறுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"என் சம்சாரம் எங்கிட்டப் பேசறதில்லம்மா. சாப்பிட வாங்கங்கறதோட சரி."

மடத்தம்மா அறுத்த டயரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார். மாசிலாமணி சொன்னதெல்லாம் இதுதான்.

அவர்களுக்கு ஒரே மகன். வெகுகாலம் தவமிருந்து பிறந்ததால் தவமணி என்று பெயர் வைத்தார்கள். ஒரு மத்தியானம் மீனாம்பாள் அடுப்பில் எண்ணெய் காய வைத்துவிட்டுப் பார்த்தாள், கறிவேப்பிலை இல்லை. ஓடிப்போய் வாங்கிட்டு வாடா என்றாள். தெருமுனைக் கடைதானே என்று அவன் ஹெல்மெட்டை ஆணியிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தான். முனையில் ஒரு லாரி திரும்பியது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக் குழம்பில் கறிவேப்பிலை விழுந்ததில்லை. மகன் பெயரையும் அவள் வாயால் சொன்னதில்லை.

"வீட்டுல ஒரு கறிவேப்பிலைக் கன்னு வைங்கன்னு அவ வருஷக்கணக்கா எங்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தாம்மா. ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம், அது எங்க ஓடிப்போகுதும்பேன்."

டயர் அறுக்கும் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"இப்ப ஒண்ணு வச்சா அவ பேசுவாளா?"

மடத்தம்மா எழுந்துபோய்ச் சமையலறைக்குப் பின்னால் இருந்த கறிவேப்பிலை மரத்தின் வேரில் வெடித்திருந்த ஒரு பக்கக்கன்றை மண்ணோடு பெயர்த்து வந்தார்.

"எதுல வைக்கப் போறீங்க?"

"அவன் ஹெல்மெட்டு இருக்கும்மா."

மடத்தம்மா கன்றின் வேர்மண்ணை ஒருமுறை அழுத்திவிட்டார். பிறகு கன்றைக் கொடுத்தார்.

சில நாளில் மாசிலாமணி பழுத்த இலைகளோடு திரும்பி வந்தார். கன்று போய்விட்டது. தண்ணீர் அதிகமோ என்று மடத்தம்மா கேட்டார். ஒரு டம்ளருக்கு மேல் ஊற்றுவதில்லை என்றார் அவர். இன்னொரு கன்று கொடுத்தார். அதுவும் கருகிப்போனது. மூன்றாவதாகக் கேட்க வந்தபோது மாசிலாமணியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மகன் பெயரில் வைத்த எதுவும் தங்காது போலிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மடத்தம்மா இன்னொரு கன்றைப் பெயர்த்து ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டார்.

"வாங்க, நானும் வரேன்."

வீட்டின் பின்புறம் அழகாகத்தான் இருந்தது. பாட்டில் வரப்பில் வெயில் பட்டுப் பச்சையாக விழுந்தது. வாளியில் கத்திரி காய்த்திருந்தது, டின்னில் பிரண்டை ஓடியிருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் செங்கல் அடுக்கி, சில்லு பதித்து ஒரு மேடை. அதன்மேல் மல்லாந்து இருந்தது கறுப்பு ஹெல்மெட். உள்மெத்தையைக் கழற்றித் துவைத்துப் பீரோவில் வைத்திருப்பதாக மாசிலாமணி சொன்னார். வெளிப்புறத்தைத் தினமும் துடைப்பார் போலிருக்கிறது, முகம் பார்க்கலாம். உள்ளே ஒரு செத்த குச்சி நின்றது.

மீனாம்பாள் பின்கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

மடத்தம்மா மண்ணில் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார். அழுகல் நாற்றம். ஹெல்மெட்டைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"ஓட்டை இல்லையே, ஐயா."

மாசிலாமணி மேடையில் பதித்த சில்லை விரலால் தேய்த்தார். மடத்துத் தொட்டிக்கெல்லாம் ஓட்டை போட்ட மனிதர் இதை மறந்திருக்க முடியாது. மடத்தம்மாவுக்கும் அது புரிந்தது.

"மனசு வரலம்மா. அதுல ஒரு கீறல்கூட இல்ல, பாத்தீங்களா? அன்னைக்கு அது ஆணியில தொங்குச்சு. அதான் கீறல் இல்ல." இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்களே போட்டுருங்கம்மா."

"எனக்கு டிரில் பிடிக்கத் தெரியாது."

மடத்தம்மா ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாசிலாமணி உள்ளே போய் டிரில்லை எடுத்து வந்தார். எடுத்து வந்ததோடு சரி. கையில் வைத்துக்கொண்டு நின்றார். காற்றில் பூட்டுத் தகடுகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

கதவு நிலையிலிருந்து மீனாம்பாள் படியிறங்கினாள். அந்தத் தோட்டத்தில் அவள் கால் படுவது அதுதான் முதல்முறை. ஹெல்மெட்டை எடுத்து மண்ணைக் கொட்டினாள், தேங்கியிருந்த கறுத்த தண்ணீரை வடித்தாள், முந்தானையால் துடைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து மடியில் கவிழ்த்து வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் தேய்க்க உட்காரவைத்த பிள்ளையின் தலையை அம்மாக்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

"போடுங்க" என்றாள் கணவரிடம்.

மாசிலாமணி மண்டியிட்டு உட்கார்ந்து உச்சியில் டிரில்லை வைத்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் கை நடுங்கியது. மீனாம்பாள் பிடியைத் தளர்த்தவில்லை. அவர் சுற்றச் சுற்றக் கறுப்புச் சுருள்கள் அவள் புடவையில் விழுந்தன. முனை மறுபக்கம் இறங்கியபோது அவள் குனிந்து, அந்த ஓட்டையின் மேல் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதாள்.

"நான்தானே கேட்டேன். கறிவேப்பிலை நான்தானே கேட்டேன், தவமணி."

மாசிலாமணி டிரில்லைக் கீழே போட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கன்று வைக்காமல் விட்டது தான்தான் என்று அவர் சொன்னார். அதை அவளிடம் அவர் சொன்னதும் அன்றைக்குத்தான்.

மடத்தம்மா அவர்கள் அழுது முடிக்கும்வரை வாளியில் மண்ணும் மணலும் கலந்துகொண்டிருந்தார். பிறகு ஓட்டையின் மேல் ஒரு ஓட்டுச் சில்லை வைத்து, மண் நிரப்பி, கன்றை நட்டார். மீனாம்பாள் தண்ணீர் ஊற்றினாள். சற்றுப் பொறுத்து அடியிலிருந்து சொட்டியது.

கன்று பிழைத்துக்கொண்டது. மாசிலாமணி மடத்துக்கு வந்து ஒவ்வொரு துளிரையும் சொன்னார். மீனாம்பாள்தான் தண்ணீர் ஊற்றுகிறாள், சாயங்காலம் இருவரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள், பையனைப் பற்றிக்கூடப் பேசுகிறார்கள் என்றார். ஆனால் இலையைப் பறிக்க மட்டும் விடமாட்டேன் என்கிறாள். குழம்பு இன்னும் மொட்டையாகத்தான் தாளிக்கிறாள்.

"பறிச்சாத்தான் கிளை வெடிக்கும்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். காதுல வாங்க மாட்டேங்குறாம்மா. செடி ஒத்தைக் குச்சியா மேல போய்க்கிட்டே இருக்கு."

"அப்ப விட்டுருங்க."

மறுபடி குருபூஜை வந்தது. மாசிலாமணி இந்த முறை தண்ணீர் சுமக்கவில்லை, பை நிறையக் கத்திரிக்காயோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். பின்னாலேயே மீனாம்பாள் இறங்கினாள். வழியெல்லாம் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை. கேட்கப் பயந்துகொண்டு வந்திருக்கிறார். சமையல் கொட்டகை வாசலில் அதை இறக்கி வைத்துவிட்டு அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

உள்ளே சாம்பார் கொதித்து இறங்கியது. பெரிய வாணலியில் எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது.

"கறிவேப்பிலை யாரு கொண்டாந்தது?" என்று உள்ளேயிருந்து சமைத்துக்கொண்டிருந்த பெண் குரல் கொடுத்தாள்.

யாரும் கொண்டுவரவில்லை. எல்லார் வீட்டிலும் அது இருக்கும், யாராவது கொண்டுவருவார்கள் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். சமையலறைக்குப் பின்னாலிருந்த மடத்து மரத்திலோ அன்றைக்குக் கை வைக்கக்கூடாது. கொட்டகையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வாசலைப் பார்த்தார்கள்.

மீனாம்பாள் கையை நீட்டினாள். கொத்தின் காம்புவரை போன விரல்கள் அங்கேயே நின்றன. மாசிலாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார், மடத்தம்மா கையமர்த்தினார்.

கடுகு அடங்கிக்கொண்டிருந்தது. மீனாம்பாள் நிமிர்ந்து மடத்தம்மாவைப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"இதை நான் பறிக்கலாமாம்மா?"

மடத்தம்மா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க கேட்டதுதானேம்மா. கொண்டுவந்துட்டான்."