மூங்கிலுக்கு அந்தப் பக்கம்

“அம்மா, அந்தக் காட்டுக்குள்ள நிம்மதியா நடக்க முடியலீங்க.”

வந்ததும் வராததுமாகக் குழந்தைவேலு ஆரம்பித்துவிட்டார்.

அம்மா ஓடை திரும்புகிற இடத்தில், நீர்மருது வேரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது. அறுபதைத் தாண்டிய குழந்தைவேலு அவருடைய சீடர்.

நகரத்துக்கு நடுவே எப்படியோ தப்பிப் பிழைத்த துண்டுக் காடு அது. வேகமாக நடந்தால் ஒரு சிகரெட் பிடிக்கிற நேரத்தில் தீர்ந்துவிடும். கரையெல்லாம் நாவலும் புங்கையும். வேர்களில் சிக்கிய பாலித்தீன் பைகள். மனைவி போன பிறகு தூக்கம் வராமல் தவித்த குழந்தைவேலுவுக்கு அம்மா கொடுத்த பயிற்சி ஒன்றுதான். காலையில் தண்ணீர் ஓரமாகவே நடக்க வேண்டும். காதில் விழுவதைக் கேட்க வேண்டும். வேறொன்றும் செய்யக் கூடாது.

“என்ன தொந்தரவு?”

“பொம்பளைங்க. அக்கரையிலிருந்து நடைபாலத்துல ஏறி, மூங்கிலுக்கு அந்தப் பக்கமாப் போறாளுக. நம்ம தெருவுகளுக்கு வீட்டு வேலைக்கு. ஆளு கண்ணுல படமாட்டா, சத்தம் மட்டும் வரும். என்ன கத்து, என்ன சிரிப்பு! அதுல ஒருத்தி இருக்கா பாருங்க, தொண்டையா அது? ரைஸ் மில்லு.”

“தவிட்டுக்குருவியும் கத்துதே.”

“அது இயற்கைங்க.”

“இவங்க?”

“இவளுக தொந்தரவுங்க.”

அம்மா ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

“என்ன பேசறாங்க?”

“அதையெல்லாம் யாருங்க கேட்டா?”

“கேக்கச் சொல்லித்தானே அனுப்பினேன்.”

குழந்தைவேலுவுக்குச் சுருக்கென்றது. குருவானாலும் பதில் சொல்லாமல் விட மனசில்லை.

“எங்க வீட்டுலயும்தான் ஒருத்தி சமைக்கறா, மரகதம்னு. வாயே திறக்க மாட்டா. வருசக்கணக்கா ‘சரிங்க’ தவிர ஒரு வார்த்தை வந்ததில்ல. அப்படியும் பொம்பளைங்க இருக்காங்கள்ல?”

“அவங்க எந்த வழியா வர்றாங்க?”

“எப்படியோ வர்றா.”



குழந்தைவேலு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நடைபாலத்துக்கு இந்தப் பக்கம் ஓர் இரும்புக் கதவு வேண்டுமென்று மனு எழுதினார்.

அமைதிக்காக என்று எழுதினால் சிரிப்பார்கள். திருட்டுப் பயம் என்று எழுதினார். எந்த வீட்டில் எது திருட்டுப் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கதவு வந்தது. பூட்டு வந்தது. சாவி குழந்தைவேலுவின் சட்டைப் பையில்.

மறுநாள் தண்ணீர் கல்லில் உரசுவது கேட்டது. மரங்கொத்தி தட்டுவது கேட்டது. புல்லரித்துப்போய் அம்மாவிடம் ஓடினார்.

“இன்னிக்குத்தானுங்க முழுசாக் கேட்டேன்!”

அம்மா எழுந்து போய்க் கதவைப் பார்த்தார். கம்பியை விரலால் சுண்டினார்.

“வெல்டிங் கெட்டியாத்தான் இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னார். குழந்தைவேலு அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்.



அன்றைக்கு மரகதம் தாமதமாக வந்தாள். காலெல்லாம் புழுதி.

“நேரத்தோட வரணும்.”

“சரிங்க.”

மறுநாள் இன்னும் தாமதம். அப்புறம் வரவே இல்லை.

குழந்தைவேலுவுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. பிஸ்கட்டும் வாழைப்பழமும் அலுத்துப்போன ஒரு காலையில் அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

“மரகதம் நின்னுட்டாம்மா. சொல்லாமக் கொள்ளாம. இந்தக் காலத்துல விசுவாசமே இல்லீங்க.”

“வாங்க.”

அம்மா அவரைக் கதவருகே கூட்டிப்போய், ஒரு புங்கமரத்துக்குப் பின்னால் நிறுத்தினார்.

“என்னங்க பாக்கணும்?”

“பாக்க வேண்டாம். கேளுங்க.”

அக்கரைப் பாதையில் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாலம் அடைபட்டதால் இப்போதெல்லாம் மெயின் ரோட்டுப் பாலம் வரைக்கும் சுற்றித்தான் போகிறார்கள்.

“ஏண்டி மரகதம், உன்ற பெருசு இன்னிக்கு என்னத்தத் தின்னும்?”

“பூட்டுனாரில்ல, அந்தச் சாவியத் தின்னட்டும்!”

ரைஸ் மில் சிரித்தது. மரகதத்தின் தொண்டைதான் அது.

“இத்தன தூரம் சுத்திப் போக நானென்ன செக்குமாடா? அதான் ரோட்டு மேலயே வேற வீடு பாத்துட்டேன்.”

“பாவம்டி, பொண்டாட்டி இல்லாத மனுசன்.”

“அந்தம்மா செத்தன்னிக்குக் கொல்லையில உக்காந்து அழுதவ நானு. அவுங்க வெச்ச கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்துனவ நானு. ஒரு நாளு, ‘மரகதம், நீ சாப்ட்டியா’ன்னு கேட்டிருக்குமா அந்த மனுசன்? ‘உப்பு!’ம்பாரு. ‘தண்ணி!’ம்பாரு. அந்த வீட்டுல நானொரு குழாய்டி. திருகுனா வரணும்.”

‘உப்பு’ என்றபோது குழந்தைவேலுவின் குரல் அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குழந்தைவேலு மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“என் சம்சாரத்துக்காக அழுதாளா?”



குழந்தைவேலு சட்டைப் பையைத் துழாவினார். சாவி பூட்டுக்குள் போகாமல் வழுக்கியது.

“எதுக்குத் திறக்கறீங்க?”

“என் சம்சாரத்தப் பத்தி மரகதம் இன்னும் என்ன சொல்லுவான்னு கேக்கணும்மா. அவளப் பத்திப் பேச எனக்கு வேற யாருமில்ல.”

கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

“இப்படியே வாங்க எல்லாரும்! இனிமேப் பூட்ட மாட்டேன்.”

சிரிப்பு நின்றது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி பின் ஒருத்தியாகப் பாலத்தில் ஏறினார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அவரைக் கடந்தார்கள்.

மரகதம் கடைசியாக வந்தாள்.

“மரகதம், நீ சாப்ட்டியா?”

அவள் முகம் வெளுத்தது.

“ஆச்சுங்க.”

நிற்காமல் போய்விட்டாள்.

குழந்தைவேலு மூங்கிலைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சருகில் கால் படுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

“என்னங்கம்மா, ஒருத்திகூட வாயத் திறக்காமப் போறா?”

“நீங்க நிக்கறீங்களே,” என்றார் அம்மா.